முஸ்தபாவுக்கு 224 வரி: பழைய ஆர்கேடு ஆட்டங்களை அசல் ரெசல்யூஷனில் ஓட்டுவது

சென்னையில் வீடியோ கேம் கடைக்குப் போய் வளர்ந்தவர்களிடம் 'முஸ்தபா' என்றால் உடனே புரியும். 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்ற அசல் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். காப்காம் 1993-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் படம் 384 பிக்சல் அகலம், 224 வரி உயரம். பழைய ஆர்கேடு போர்டுகளைக் கம்ப்யூட்டரில் மென்பொருளாக ஓட்டும் மேம் எமுலேட்டரில் அதைப் போட்டு, 1080 வரி உள்ள எல்இடி டிவியில் மேலிருந்து கீழ்வரை விரித்தால், அசலின் ஒரு வரிக்கு 4.82 வரி கிடைக்கிறது. முக்கால் வரி, அரை வரி என்று திரையில் ஒன்றும் கிடையாது. அதனால் சில வரிக்கு 5, சில வரிக்கு 4 என்று பங்கு விழும். எழுத்தின் ஒரு கோடு தடிக்கும், பக்கத்துக் கோடு மெலியும். படம் மேலும் கீழும் நகரும்போது தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். ஃபில்டர் போட்டு மழுக்கினால் நெளிவு போகும், கூர்மையும் கூடவே போய்விடும்.

எந்தத் திரையாக இருந்தாலும் முதலில் காப்பாற்ற வேண்டியது வரிக் கணக்கு. அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், வண்ணத்தில்கூட விட்டுக்கொடுக்கலாம். வரியில் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயன் இல்லை.

இனி வரும் அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பிலும் மெனுவிலும் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

முதலில் எண்களைப் பாருங்கள்

ஆட்டம் ஓடும்போது டேப் விசையை அழுத்தி, ஆட்டத்தின் தகவல் பக்கத்துக்குப் போங்கள். அகலம், உயரம், விநாடிக்கு எத்தனை படம் என்று மூன்று எண்கள் இருக்கும். படம் கிடைமட்டமா செங்குத்தா என்பதும் அங்கேயே இருக்கும்.

முஸ்தபாவும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-வும் ஓடிய காப்காம் போர்டு வகையில் பிக்சல் கடிகாரம் விநாடிக்கு 80 லட்சம் துடிப்பு. ஒரு வரிக்கு 512 துடிப்பு. அதில் 384 கண்ணுக்குத் தெரியும், மிச்சம் பீம் (ட்யூபில் படத்தை வரி வரியாக வரையும் எலக்ட்ரான் கதிர்) திரும்பி வருவதற்கான நேரம். 80 லட்சத்தை 512-ஆல் வகுத்தால் விநாடிக்கு 15,625 வரி. ஒரு படத்துக்கு 262 வரி. அதில் தெரிவது 224. ஆக, விநாடிக்கு 59.64 படம்.

இந்த 15,625-ஐக் கவனியுங்கள். தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்பு பின்பற்றிய 'பால்' (PAL) என்ற வண்ண டிவி முறையிலும் விநாடிக்கு அதே 15,625 வரிதான் (625 வரி, 25 முழுப் படம்). ஜப்பானில் செய்த ஆர்கேடு போர்டும் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ட்யூப் டிவியும் ஒரே வரி வேகத்தில் ஓடுபவை. இந்த வேகத்தைத்தான் சுருக்கமாக 15 கிலோஹெர்ட்ஸ் என்பார்கள். அதனால்தான் இந்த வேலைக்கு ட்யூப் டிவி இவ்வளவு பொருந்துகிறது.

மற்ற போர்டுகள் கொஞ்சம் முன்பின் இருக்கும். நியோ ஜியோ 320-க்கு 224, விநாடிக்கு 59.19 படம். 'பாக்-மேன்' 1980-இல் வந்தது. செங்குத்துப் படம், 224 அகலம், 288 உயரம், 60.61 படம். 'ஆர்-டைப்' 384-க்கு 256, ஆனால் 55.02 படம்தான். 'மார்ட்டல் காம்பாட்' 400-க்கு 254, 54.71 படம். கடைசி இரண்டும் சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏன் திக்கித் திக்கி ஓடுகின்றன என்பதற்குக் காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

ட்யூப் டிவி வாங்கும்போது

2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் எத்தனையோ வீடுகளில் மூலையில் இருக்கிறது. அதை வைத்தே தொடங்கலாம். ஆனால் இப்படிப்பட்ட சின்ன டிவிகளில் பெரும்பாலும் மஞ்சள் ஏவி ஜாக் மட்டும்தான் இருக்கும். காயலான் கடையிலோ, மூர் மார்க்கெட் பக்கமோ, தெரிந்த டிவி மெக்கானிக்கிடமோ 21 இன்ச் தேடுவதானால், பின்பக்கம் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று காம்பொனென்ட் ஜாக் இருக்கிற மாடலாகப் பாருங்கள். டிவிடி பிளேயர் பரவிய பிறகு வந்த தட்டை ட்யூப் டிவிகளில் இவை கிடைக்கும். சிவப்பு ஜாக் இரண்டு இருந்தால் ஒன்று ஆடியோ, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

'100 ஹெர்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். விலை உயர்ந்த மாடலாக இருந்திருக்கும், படமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் உள்ளே சிக்னலை டிஜிட்டலாக்கித் தன் இஷ்டத்துக்கு மாற்றி வரைகிறது. வரிக் கணக்கும் போய்விடும், பட்டன் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே தாமதமும் சேரும்.

கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ஆன் செய்ததும் படம் மங்கலாக வந்து பல நிமிடம் கழித்துத்தான் தெளிகிறது என்றால் ட்யூப் தேய்ந்துவிட்டது. முழு வெள்ளைத் திரையில் மூலைகளில் பச்சையோ ஊதாவோ படர்ந்திருந்தால் அது காந்தம் ஏறியது, பெரும்பாலும் சரியாகிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலோரமாக இருந்த டிவியில் ஜாக்குகள் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தாலே பாதி சிக்னல் கோளாறு தீரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பல மாதம் மூடிக்கிடந்த டிவியை உடனே ஆன் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் போடுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோ ஓசோன் வாசனையோ வந்தால் உயர் மின்னழுத்தம் கசிகிறது. அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். பின்மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். இங்கே சொல்லும் எந்த வழிக்கும் டிவியைத் திறக்கத் தேவையில்லை.

கம்ப்யூட்டர் பக்கம்

புது கம்ப்யூட்டர் வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய டெஸ்க்டாப், ஏஎம்டி ரேடியான் எச்டி 5000 வரிசையிலோ அதற்குச் சற்றுப் பிந்திய வரிசையிலோ ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, அதில் விஜிஏ வெளியீடு: இவ்வளவுதான். எச்டி 5450, 6450 மாதிரியான சின்ன கார்டுகளே போதும். முஸ்தபாவை வரைவதற்குக் கார்டின் பலம் தேவையில்லை, 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை வெளியே தரத்தான் தேவைப்படுகிறது. ரேடியானைச் சொல்வதற்குக் காரணம், 'சிஆர்டி எமுடிரைவர்' என்ற டிரைவர் அந்தக் கார்டுகளுக்காகவே செய்யப்பட்டது. சாதாரண டிரைவரில் 640-க்கு 480-க்குக் கீழே இறங்க முடியாது, இதில் முடியும்.

முதலில் பயோஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். இந்த டிரைவர் விண்டோஸின் டெஸ்ட் மோடில்தான் நிற்கும். செக்யூர் பூட் இருந்தால் டெஸ்ட் மோடு ஏறாது. 'டிரைவர் போட்டும் ஒன்றும் மாறவில்லை' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். பழைய டிரைவரை முழுதாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு எமுடிரைவரைப் போடுங்கள். இந்த வேலை முழுவதையும் சாதாரண மானிட்டரில் செய்யுங்கள். டிவியை இன்னும் இணைக்க வேண்டாம்.

கூடவே வரும் 'விஎம்மேக்கர்' கருவியைத் திறந்து மானிட்டர் வகையில் 'ஆர்கேட்_15' அல்லது 'ஜெனரிக்_15' தேர்ந்தெடுங்கள். ரெசல்யூஷன் பட்டியலில் 2560 அகலமுள்ள சூப்பர் ரெசல்யூஷன் தொகுப்பை எடுத்து, மோடுகளை உருவாக்கி, நிறுவி, மறுபடி ரீஸ்டார்ட். 384 பிக்சல் ஆட்டத்துக்கு 2560 எதற்கு என்று தோன்றும். ட்யூபில் கிடைமட்டமாகப் பிக்சல் என்று எதுவும் இல்லை. பீம் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாகப் போகிறது. 2560 துண்டாக நறுக்கினால் 320, 384, 400 என எந்த அகலத்தையும் கண்ணுக்குத் தெரியாத பிழையோடு அதில் நிரப்பிவிடலாம். செங்குத்தில் மட்டும் 224 என்றால் 224.

எமுலேட்டரில் சாதாரண மேமுக்குப் பதிலாக 'குரூவிமேம்' போடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் எண்ணையும் பார்த்து அதற்கேற்ற வரி, வேகம், இடைவெளி எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டுத் திரையை மாற்றும். அமைப்புக் கோப்பில் 'ஸ்விட்ச்ரெஸ்' 1, 'மானிட்டர்' என்ற இடத்தில் விஎம்மேக்கரில் கொடுத்த அதே பெயர், 'சூப்பர்_விட்த்' 2560. இரண்டு இடத்திலும் மானிட்டர் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் படம் உருளும், அல்லது ஆட்டம் இன்டர்லேஸில் (ஒற்றை வரிகளை ஒரு முறை, இரட்டை வரிகளை அடுத்த முறை வரைவது) போய் நடுங்கும்.

எச்சரிக்கை ஒன்று. கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது விஜிஏவில் வருவது 31 கிலோஹெர்ட்ஸ் சிக்னல். 15 கிலோஹெர்ட்ஸ் டிவிக்கு அதைக் கொடுத்தால் படம் கிழிந்து தெரியும். நீண்ட நேரம் கொடுத்தால் சில டிவிகளில் கிடைமட்டப் பகுதியே எரிந்துபோகலாம். விண்டோஸ் முழுதாக வந்த பிறகே டிவியை ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது டிவியை முதலில் அணையுங்கள்.

விஜிஏவிலிருந்து டிவிக்கு

ரிச்சி தெருவில் போய் 'விஜிஏ டு ஏவி', 'எச்டிஎம்ஐ டு ஏவி' என்று கேட்டால் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி தருவார்கள். இந்த வேலைக்கு அது ஆகாது. உள்ளே வரும் படம் எதுவானாலும் அதை டிஜிட்டலாக்கி, சுருக்கி, 480 அல்லது 576 வரி இன்டர்லேஸாக வெளியே தள்ளுகிறது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த 224 வரி அந்தப் பெட்டிக்குள் காணாமல் போய்விடும். ரெசல்யூஷன் மாற்றும் பட்டனோ, பால்/என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் வண்ண டிவி முறை) மாற்றும் சுவிட்சோடு '1080 வரை ஏற்கும்' என்ற அச்சோ இருந்தால் அது படத்தின் அளவை மாற்றும் ஸ்கேலர். வாங்காதீர்கள்.

காம்பொனென்ட் உள்ள டிவிக்கு வேண்டியது, விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக வரும் ஆர்ஜிபியைக் காம்பொனென்ட் வண்ணமாக மாற்றும் டிரான்ஸ்கோடர். அது வரியைத் தொடாது, வேகத்தைத் தொடாது, வண்ணக் கணக்கை மட்டும் மாற்றும். 15 கிலோஹெர்ட்ஸ் ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள். காம்பொனென்டில் வண்ணத்தைச் சுமக்கும் தனித் துணை அலை கிடையாது என்பதால் பால், என்டிஎஸ்சி சண்டையே இல்லை. 60 ஹெர்ட்ஸை டிவி ஏற்றுக்கொண்டால் போதும். எங்கள் கணிப்பில் இந்த வழிதான் செலவுக்கும் தரத்துக்கும் நன்றாக ஒத்துவருவது.

மஞ்சள் ஏவி மட்டும் இருந்தால் ஏடி724 மாதிரியான அனலாக் என்கோடர் சிப் வேண்டும். சாலிடரிங் பழகியவர்கள் தாங்களே கட்டலாம். விஜிஏ பின் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். 6, 7, 8 அவற்றின் கிரவுண்ட். 13 கிடைமட்ட சிங்க் (வரி தொடங்கும் நேரத்தைச் சொல்லும் சிக்னல்), 14 செங்குத்து சிங்க் (படம் தொடங்கும் நேரத்தைச் சொல்வது), 10 சிங்க் கிரவுண்ட். மூன்று வண்ணத்துக்கும் 75 ஓம் கிரவுண்டுக்கு, பிறகு 0.1 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் வழியாகச் சிப்புக்கு. வெளியீட்டில் 75 ஓம், 220 மைக்ரோஃபேரட் தொடராக. மின்சாரம் 5 வோல்ட், யூஎஸ்பியிலிருந்தே எடுக்கலாம்.

சிப்பைப் பால் முறையில் வையுங்கள், 4.4336 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு. என்டிஎஸ்சியில் வைத்தால் பால் மட்டும் தெரிந்த நம் ஊர் டிவிகளில் படம் அசையாமல் நிற்கும், ஆனால் கறுப்பு வெள்ளையாக இருக்கும். 60 ஹெர்ட்ஸ் படத்துக்குப் பால் வண்ணம் சேர்த்தால் வண்ணம் வந்துவிடும். ஏவியில் சிவப்பு கொஞ்சம் கசியும், சின்ன எழுத்தின் ஓரம் மினுங்கும். அதைத் தடுக்க முடியாது. வரி மட்டும் 224 அப்படியே நிற்கும். எஸ்-வீடியோ ஜாக் இருக்கும் டிவியானால் அதே சிப்பின் மற்ற இரண்டு வெளியீட்டையும் எடுங்கள், மினுங்கலும் குறைந்துவிடும்.

படம் வந்த பிறகு ஓரம் வெட்டுப்படும். டிவிகள் எல்லாப் பக்கமும் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். சர்வீஸ் மெனுவுக்குள் போகும் முன், எமுடிரைவரோடு வரும் 'ஆர்கேட் ஓஎஸ்டி'யில் படத்தை நகர்த்தி, சுருக்கிப் பாருங்கள். சர்வீஸ் மெனுவைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துவிடுங்கள். பழைய மதிப்பு தெரியாமல் மாற்றிய டிவியை மீட்பது பெரும்பாடு.

பாக்-மேனும் சாய்த்து வைத்த டிவியும்

பாக்-மேன், 'கலாகா' மாதிரி ஆட்டங்களின் கேபினெட்டில் மானிட்டரைப் பக்கவாட்டில் படுக்கவைத்திருந்தார்கள். பீமின் கணக்கில் அது 224 வரிதான். நேராக நிற்கும் டிவியில் அதைக் காட்ட 288 வரி வேண்டும். 60 ஹெர்ட்ஸில் அவ்வளவு வரிக்கு இடம் இல்லை. 50 ஹெர்ட்ஸில் இடம் உண்டு, ஆனால் பாக்-மேன் 82 சதவீத வேகத்தில் ஊர்வான். அது ஆட்டமே இல்லை.

ஆக, டிவியைச் சாய்க்க வேண்டும். 14 இன்ச் என்றால் எளிது. 21 இன்ச் கனம். இரண்டு பேர் வேண்டும், பக்கச் சுவர் எடையைத் தாங்காது என்பதால் கீழே மரச்சட்டமும் வேண்டும். காற்றுத் துளைகள் அடைபடக் கூடாது. சாய்த்ததும் பூமியின் காந்தப்புலம் வேறு கோணத்தில் படுவதால் வண்ணம் திட்டுத் திட்டாகத் தெரியும். மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். ஆன் ஆகும்போது டிவியே காந்தத்தை நீக்கிக்கொள்ளும். ரிமோட்டில் அணைத்துப் போட்டால் பல டிவிகளில் அது நடக்காது. ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். மேமில் 'ஆட்டோரோர்' அல்லது 'ஆட்டோரோல்' போட்டால் செங்குத்து ஆட்டங்கள் மட்டும் திரும்பும். எந்தப் பக்கம் சாய்த்தீர்களோ அதைப் பொறுத்து ஒன்று சரியாக இருக்கும், மற்றது தலைகீழாகும்.

பழைய விஜிஏ மானிட்டர் இருந்தால்

குண்டு கம்ப்யூட்டர் மானிட்டர் 15 கிலோஹெர்ட்ஸை ஏற்காது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை வரையச் சொன்னால் விநாடிக்கு சுமார் 119 படம், 31 கிலோஹெர்ட்ஸ். மானிட்டருக்குப் பழக்கமான வேகம். பின்பக்க லேபிளிலோ கையேட்டிலோ செங்குத்து வேகம் 120 ஹெர்ட்ஸ் வரை என்று இருக்கிறதா பாருங்கள். குரூவிமேமில் மானிட்டர் 'பிசி_31_120'. 'பிளாக்_ஃப்ரேம்_இன்செர்ஷன்' 1 போடாவிட்டால் ஓடும் உருவம் இரட்டையாகத் தெரியும், ஏனென்றால் ஒரே படம் இரண்டு தடவை கண்ணில் படுகிறது. போட்டால் ஒன்றுவிட்டு ஒரு படம் கறுப்பாகும். வெளிச்சம் பாதியாகும், அறை விளக்கை அணைத்துக்கொள்ளுங்கள்.

70 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் 17 இன்ச் மானிட்டரானால் 'பிசி_70_120' கொடுங்கள். பாக்-மேனின் 288 வரி சுமார் 37 கிலோஹெர்ட்ஸில் அடங்கிவிடும், எதையும் சாய்க்க வேண்டியதில்லை. டிரான்ஸ்கோடரும் வேண்டாம், என்கோடரும் வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

எல்சிடி, எல்இடி மட்டும்தான் என்றால்

சாதாரண மேமே போதும். 'அன்ஈவன்ஸ்ட்ரெட்ச்' 0, 'அன்ஈவன்ஸ்ட்ரெட்ச்எக்ஸ்' 1. உயரம் முழு மடங்கில் மட்டும் விரியும், அகலம் 4:3-க்குத் தேவையான அளவு விரியும். 1080 வரித் திரையில் முஸ்தபா நான்கு மடங்காக 896 வரி எடுக்கும். மேலும் கீழும் 92 வரி கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்து யாரும் வருந்த வேண்டாம். அகலம் 1195 வரும், அதாவது ஒரு பிக்சலுக்கு 3.11. அந்தச் சீரின்மை உறுத்தினால் 'ப்ரீஸ்கேல்' 4, 'ஃபில்டர்' 1 போடுங்கள்; ஓரங்கள் மட்டும் லேசாகக் கலக்கும். அல்லது அகலத்தையும் முழு மடங்காக்கி 1152-இல் நிறுத்தலாம். முஸ்தபா 3.6 சதவீதம் ஒல்லியாவார், கண்ணுக்குத் தெரியாது.

4கே திரை இருந்தால் காப்காம் ஆட்டங்களுக்குக் கணக்கு அழகாக உட்காருகிறது. 224-ஐ 9 மடங்காக்கினால் 2016. அதற்கு 4:3 அகலம் 2688. அது 384-க்கு மிகச் சரியாக 7 மடங்கு. ஒரு பிக்சல்கூடத் திருத்த வேண்டாம்.

வேகம்தான் மிச்சம். 59.64-ஐ 60-க்கு இழுத்தால் 0.6 சதவீதம் வேகம் கூடும். 'சிங்க்ரிஃப்ரெஷ்' 1 போட்டு விட்டுவிடலாம். ஆர்-டைப்பை அப்படி இழுத்தால் 9 சதவீதம் வேகமாகும், உயிர் தங்காது. இழுக்காமல் விட்டால் விநாடிக்கு ஐந்து முறை ஒரே படம் இரண்டு தடவை வந்து திக்கும். இதற்கு எல்சிடியில் ஒரே வழி, ஆட்டத்தின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதி உள்ள மானிட்டர், 48 ஹெர்ட்ஸ் வரை இறங்கக் கூடியது. அதில் 'சிங்க்ரிஃப்ரெஷ்' 0, 'த்ராட்டில்' 1. டிவியாக இருந்தால் கேம் மோடை ஆன் செய்து, ஓவர்ஸ்கேனை அணையுங்கள். ஓவர்ஸ்கேன் இருக்கும்வரை டிவி படத்தை மறுபடி ஒருமுறை விரிக்கும். மேமில் போட்ட கணக்கெல்லாம் வீண்.

எந்தத் திரையானாலும் சோதனை ஒன்றுதான். மேலே ஓடும் ஸ்கோர் எண்களில் '8'-ஐ உற்றுப் பாருங்கள். மூன்று கிடைமட்டக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் வரி சரி. ஒன்று மட்டும் தடித்திருந்தால் நடுவில் எங்கோ ஒரு பெட்டியோ மெனுவோ படத்தை விரிக்கிறது. டிவியில் தொடங்கி எமுலேட்டர் வரை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடுங்கள்.